நெல் ஆராய்ச்சியில் நான் இழந்த பருவங்கள்

நெல் மரபியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோய் எதிர்ப்பு மரபணுவை ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்குக் கொண்டுசெல்லும் வேலையை எடுத்துக்கொள்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உதவித்தொகை ஐந்து ஆண்டுகளில் நின்றுபோகும். என் ஆய்வு அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அந்தக் காலத்தை அண்ணனிடம் வாங்கிய கடனிலும் ஒரு தனியார் கல்லூரியில் பகுதி நேரம் பாடம் எடுத்த வருமானத்திலும் ஓட்டினேன். நான் பட்டதில் பாதிக்கு மேல் யாராவது முன்கூட்டியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் நடந்திருக்காது. பாடநூல்களில் பின்கலப்பு முறைக்கு, அதாவது கலப்புச் செடியை மறுபடி மறுபடி நம் ரகத்தோடே கலக்கும் முறைக்கு, அழகான படம் போட்டிருப்பார்கள். இடமிருந்து வலமாக அம்புக்குறிகள் போகும். அந்த அம்புக்குறி ஒவ்வொன்றும் அரை ஆண்டு என்பது வயலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது பாக்டீரியா இலைக்கருகல் நோய். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை காற்றோடு அடித்துப் பெய்யும்போது நெல்லின் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். அந்தக் காயங்கள் வழியாகவும் இலை ஓரத்திலுள்ள நீர்த்துளைகள் வழியாகவும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியா உள்ளே நுழையும். இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சள் இறங்கி, பிறகு வைக்கோல் நிறமாகக் காயும். கதிரை ஒட்டி மேலே நிற்கும் கண்ணாடி இலை காய்ந்துவிட்டால் கதிரில் பால் பிடிக்காது, பதர்தான் மிஞ்சும். மருந்து அடித்து இதை முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. தழைச்சத்தைக் குறைத்துப் போடச் சொல்வார்கள், பசுஞ்சாணக் கரைசல் தெளிக்கச் சொல்வார்கள். அப்பா இரண்டையும் செய்தார். ஒரு கார்த்திகையில் எங்கள் வயலின் மேற்குப் பாதி முழுவதும் காய்ந்து நின்றது. நான் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம். ரகத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தால்தான் விவசாயிக்கு விடிவு என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. மாலி நாட்டிலிருந்து வந்த ஒரு காட்டு நெல்லில் இருந்த எக்ஸ்ஏ21 என்னும் மரபணுவைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். 1995இல் அமெரிக்க விஞ்ஞானி பமீலா ரொனால்ட் குழுவினர் அந்த மரபணுவைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நெல்லின் 12 குரோமோசோம்களில் 11ஆவதில் அது இருக்கிறது. 8ஆவதில் இருக்கும் எக்ஸ்ஏ13 வேறு வகை. நோய்க் கிருமி நெல்லின் ஒரு குறிப்பிட்ட மரபணுவைத் தானே தூண்டி, தனக்கு வேண்டிய சர்க்கரையை வெளியே வரவழைத்துக்கொள்ளும். எக்ஸ்ஏ13 உள்ள செடியில் அந்த மரபணுவின் முகப்புப் பகுதி மாறியிருப்பதால் கிருமியின் சாவி பூட்டில் பொருந்தாது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான சம்பா மசூரி ரகத்துக்குள் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 ஆகிய மூன்றையும் ஹைதராபாத்தில் உள்ள இரண்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து ஏற்றின. அது மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற பெயரில் 2008இல் வெளிவந்தது. அதே வழியில், எங்கள் பகுதியில் விரும்பிப் பயிரிடப்படும் ஒரு சன்ன ரகத்துக்குள் இரண்டு மரபணுக்களைக் கொண்டுவருவது என் திட்டம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, தெரிந்த பாதையில் கவனமாக நடந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

எதிர்ப்பு மரபணுவைக் கொடுக்கும் கொடை ரகத்தின் விதையாக ஐஆர்பிபி60 என்று எழுதிய ஓர் உறை எனக்குக் கொடுக்கப்பட்டது. எக்ஸ்ஏ4, எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 என நான்கு மரபணுக்களும் சேர்ந்திருக்கும் நெல் வரிசை, அதாவது ஆய்வுக்காக உருவாக்கி நிலைப்படுத்திய வகை அது. எந்த ஆய்வகம், யார் கொடுத்தது என்று சொல்லப்போவதில்லை. அது பல ஆண்டுகளாக அங்கேயே பெருக்கி, அங்கேயே சேமித்து, அங்கேயே பகிர்ந்துவந்த விதை. மரபணு உண்மையில் இருக்கிறதா என்று மார்க்கர், அதாவது மரபணுவைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளம், வைத்துப் பார்த்துவிட்டுக் கலப்பைத் தொடங்கலாமா என்று கேட்டேன். திட்ட நிதி இன்னும் வரவில்லை, அந்தச் சோதனைக்கு வேண்டிய பிரைமர் என்னும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை வாங்க இப்போது பணம் இல்லை, பருவமோ காத்திருக்காது, கலப்பைச் செய்துகொண்டே இரு, நிதி வந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. பருவத்தை விட்டால் ஆறு மாதம் போகும் என்பது உண்மைதானே.

கலப்பு செய்த அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் கை விரல்கள் வலிக்கிற மாதிரி இருக்கிறது. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். பூ திறப்பது காலை ஒன்பது, பத்து மணிவாக்கில். அதற்கு முன்பே தாய்ச் செடியின் ஒவ்வொரு பூவிலிருந்தும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட வேண்டும். முந்தைய நாள் மாலை கதிரின் மேல் பாதியில் ஓரிரு நாளில் மலரவிருக்கும் பூக்களை மட்டும் வைத்துக்கொண்டு, உமியின் நுனியைச் சாய்வாக வெட்டி, இடுக்கியால் மகரந்தப் பைகளை எடுத்து, மெழுகுத்தாள் உறை மாட்டிக் கட்ட வேண்டும். மறுநாள் தந்தைச் செடியின் மலர்ந்த கதிரைக் கொண்டுவந்து அதன் மேல் தட்ட வேண்டும். எங்கள் நிலையத்தில் இருபது ஆண்டுக்கு மேல் இந்த வேலையைச் செய்துவந்த ஓர் அக்காதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். “வெட்டும்போது சூலகத்தின் இறகைத் தொட்டுவிடாதே தம்பி, தொட்டால் அந்தப் பூ செத்த மாதிரி” என்று முதல் நாள் சொன்னது பேராசிரியர்கள் எழுதிய எந்தக் குறிப்பையும்விட எனக்குப் பயன்பட்டது. வெட்டிய உமிக்கு வெளியே அரிசி எட்டிப் பார்க்கும் அந்த மணிகள் கிடைத்தபோது அவ்வளவு மகிழ்ச்சி. முதல் தலைமுறை வளர்ந்தது. அதை மறுபடி எங்கள் சன்ன ரகத்தோடு கலந்து முதல் பின்கலப்பு விதையும் எடுத்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் நிதி வந்தது. எக்ஸ்ஏ21க்கு மிக அருகில் இருக்கும் பிடிஏ248 என்ற மார்க்கருக்கான பிரைமரும் வந்தது. எதிர்ப்பு உள்ள செடியில் ஏறத்தாழ 1000 கார இணை நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஜெல்லில் பட்டையாகத் தெரிய வேண்டும், இல்லாததில் அதைவிடக் கீழே தெரியும். பின்கலப்புச் செடிகளில் பாதியிலாவது மேல் பட்டை வரும் என்று எதிர்பார்த்து ஜெல்லைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். எல்லாக் குழியிலும் கீழ்ப் பட்டை மட்டுமே இருந்தது. டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் பிசிஆர் சரியாக நடக்கவில்லை என்று நினைத்து வெப்பநிலையை மாற்றினேன். டி.என்.ஏ.வைப் புதிதாக எடுத்தேன். அப்புறம் பெற்றோர் இரண்டையும் அருகருகே ஓட்டினேன். கொடை ரகம் என்று வைத்திருந்த செடியிலும் கீழ்ப் பட்டைதான். அன்று மாலை ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒன்றரை ஆண்டு உழைப்பில் நான் செய்துவைத்திருந்தது எந்த எதிர்ப்பும் இல்லாத இரண்டு ரகங்களின் கலப்பு.

எப்படி நடந்தது என்பது பிறகு புரிந்தது. இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத செய்தி. ஐஆர்பிபி என்று தொடங்கும் வரிசைகள் எல்லாம் ஐஆர்24 என்னும் ஒரே ரகத்தின் பின்னணியில் உருவாக்கப்பட்டவை. எதிர்ப்பு மரபணு ஒன்றோ நான்கோ மாறியிருக்கும், மற்றபடி செடி அச்சாக ஐஆர்24தான். உயரம், இலை, கதிர், மணி எதிலும் வித்தியாசம் தெரியாது. சேமிப்பில் எங்கோ ஒரு பருவத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது கலந்திருக்கின்றன. வேறு ரகம் கலந்திருந்தால் வயலில் கலவன் பிடுங்கும் ஆளே சொல்லிவிடுவார். இங்கே ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. நெல்லின் இன்னொரு நோயான குலை நோய்க்கும் இப்படி ஒரே பின்னணியில் உருவாக்கிய வரிசைகள் உண்டு. சிலவற்றுக்குப் பின்னணியே நம் கோயம்புத்தூரில் பிறந்த கோ 39 ரகம். குலை நோய் எளிதில் தாக்கும் என்பதற்காக உலகின் பல நாடுகளில் ஒப்பீட்டுக்கு அதைத்தான் நடுகிறார்கள். அவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது.

ஆகவே விதை எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், உறையின் மேல் யாருடைய கையெழுத்து இருந்தாலும், கலப்புக்கு முன்னால் கொடை ரகத்தின் பத்துப் பதினைந்து செடிகளிலாவது தனித்தனியாக டி.என்.ஏ. எடுத்துப் பாருங்கள். எல்லாச் செடியின் இலையையும் சேர்த்து அரைத்து ஒரே மாதிரியாகப் பார்த்தால் கலப்படம் தெரியாது. எந்தச் செடியில் மரபணு உறுதியாக இருக்கிறதோ அந்தச் செடியின் மகரந்தத்தை மட்டும் எடுங்கள், அந்தச் செடியின் விதையை மட்டும் தனி உறையில் வையுங்கள். ஒரு ஜோடி பிரைமர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். நிதி வரவில்லை என்றால் பக்கத்து ஆய்வகத்தில் அதே நோயில் வேலை செய்பவர்களிடம் போய்க் கேளுங்கள். பிரைமரில் சில மைக்ரோ லிட்டர் கொடுப்பதற்கு யாரும் யோசிப்பதில்லை. நான் ஏன் கேட்கவில்லை என்றால், மாணவர் நேரடியாக இன்னொரு துறையில் போய்க் கேட்பது எங்கள் இடத்தில் வழக்கமில்லை. அந்த வழக்கத்தைக் கொஞ்சம் மீறுங்கள், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டே மீறுங்கள். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக ஒன்றரை ஆண்டு போவது எந்தக் கணக்கிலும் அடங்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு உள்ள செடி, இல்லாத செடி இரண்டையும் ஒப்பீட்டுக்கு ஒவ்வொரு ஜெல்லிலும் ஓட்டுங்கள். ஒரே ஒரு ஜெல்லில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக அதை விடாதீர்கள். பட்டை வராதது செடியின் குணமா, வேதிப்பொருளின் கோளாறா என்று பிரித்துச் சொல்ல வேறு வழி கிடையாது.

இரண்டாம் முறை வெளியிலிருந்து விதை கேட்டேன். பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், இரு பக்கமும் கையெழுத்து, நிர்வாக அலுவலகம், மறுபடி கடிதம் என்று மாதக்கணக்கில் ஆனது. இதிலிருந்து ஒரு யோசனை: முதல் விதை கையில் இருக்கும்போதே இரண்டாவது இடத்திலிருந்தும் கேட்டு வைத்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் நட்டமில்லை. கோப்பு நகர்ந்துகொண்டிருந்த மாதங்களில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, பெற்றோருக்கிடையே எந்தெந்த மார்க்கர்கள் வேறுபடுகின்றன என்று 12 குரோமோசோம்களிலும் பார்த்து வைத்தது. பின்கலப்பில் நம் ரகத்தின் பங்கு முதல் தலைமுறையில் சராசரியாக 75 சதவீதம், இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 என்று ஏறும். ஆனால் அது சராசரி மட்டுமே. ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரிக்கு மேலே நிற்கும் செடியை மார்க்கர் வைத்துப் பொறுக்கினால் ஒரு தலைமுறையை மிச்சப்படுத்தலாம். இழந்த காலத்தில் கொஞ்சத்தை நான் இப்படித்தான் மீட்டேன்.

எத்தனை மணி விதை வேண்டும் என்ற கணக்கை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. பின்கலப்பில் ஒரு மரபணு பாதிச் செடிகளுக்குப் போகும். இரண்டு மரபணுவும் சேர்ந்து வருவது நாலில் ஒன்று, மூன்று என்றால் எட்டில் ஒன்று. கடைசியில் செடியைத் தற்கருவுற விட்டு, இரண்டு மரபணுவும் இரட்டைப் படியாக நிலைத்த செடியைத் தேடும்போது பதினாறில் ஒன்றுதான் கிடைக்கும், மூன்று என்றால் அறுபத்து நாலில் ஒன்று. இதற்கு மேல் பின்னணியையும் பார்த்துப் பொறுக்க வேண்டும், சில நாற்று செத்துப்போகும், சில விதை முளைக்காது. ஆகவே இருபது கலப்பு மணி கிடைத்துவிட்டது என்று கதிரை விட்டு எழுந்துவிடாதீர்கள். இரண்டு மரபணுவுக்கே நூறு மணிக்குக் குறையாமல் எடுங்கள். எக்ஸ்ஏ13 ஒடுங்கு தன்மை உள்ளது. ஒற்றைப் படியாக இருக்கும்போது செடி நோய்க்குப் பணிந்துவிடும். பின்கலப்புச் செடியில் நோயைச் செலுத்திப் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க முடியாது, மார்க்கரை நம்பித்தான் அடுத்த தலைமுறைக்குக் கடத்த வேண்டும். இது புரியாமல் நல்ல செடிகளை நோயுற்றது என்று பிடுங்கிப் போட்ட ஒரு மாணவியை எனக்குத் தெரியும்.

கொடை ரகமும் நம் ரகமும் ஒரே நாளில் பூக்காது. பத்து நாள் இடைவெளி விட்டு மூன்று முறை விதைத்து வையுங்கள். நம் ரகம் பகல் நேரக் குறைவுக்குக் காத்திருந்து பூக்கும் சம்பா வகையாக இருந்தால் ஆண்டுக்கு ஒரே வாய்ப்புதான் என்பதையும் திட்டம் எழுதும்போதே கணக்கில் எடுங்கள். மார்க்கரில் தேர்ந்த செடிகளை அறுவடையோடு விட்டுவிடாமல், கட்டையைத் தொட்டியில் எடுத்து வைத்து மறுதாம்பு வளர விடுங்கள். தூர் பிரித்தும் நட்டு வைக்கலாம். ஓர் ஆண்டு எலி வந்து என் பின்கலப்புச் செடிகளில் பெரும் பகுதியைக் கடித்துப்போட்டது. தொட்டியில் மறுதாம்பாக நின்ற செடிகள் மட்டும் தப்பின. அன்றைக்கு அவை இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஆய்வையே விட்டிருப்பேன். விதையை நன்றாக உலர்த்தி, அலுமினிய உறையில் போட்டு, குளிர்பெட்டியில் ஒரு பங்கும் வேறு கட்டடத்தில் ஒரு பங்கும் வையுங்கள். உறைக்கு உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள். பேனாவில் எழுதினால் நீரும் ஆல்கஹாலும் பட்டு அழிந்துவிடும், பென்சிலில் எழுதுங்கள்.

அடுத்த அடி நோய்ச் சோதனையில் விழுந்தது. கிருமியை நீரில் கரைத்து, மில்லி லிட்டருக்கு நூறு கோடி என்ற அளவில் வைத்து, கத்தரிக்கோலை அதில் நனைத்து இலை நுனியை வெட்டுவதுதான் வழக்கமான முறை. இரண்டு வாரம் கழித்து வெட்டிய இடத்திலிருந்து கருகல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். என் செடிகளில் ஏறத்தாழ ஒன்றுமே இறங்கவில்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, இனிப்பு வாங்கலாம் என்றார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால், நோய்க்குக் கட்டாயம் பணிய வேண்டிய, ஒப்பீட்டுக்கு நட்ட டிஎன்1 ரகச் செடிகளும் பச்சையாகவே நின்றன. எங்கள் நிலையத்தில் அந்தக் கிருமியை ஆய்வகத் தட்டின் வளர்ப்பு ஊடகத்தில் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அப்படி நெடுநாள் செடியைத் தொடாமல் வளரும் கிருமி நோய் உண்டாக்கும் வலுவை இழந்துவிடும். மஞ்சளாக, வழவழப்பாக, பார்ப்பதற்கு அழகான கூட்டமாகத்தான் தட்டில் வளரும், இலைக்குள் போனால் ஒன்றும் செய்யாது. அந்த முடிவை அப்படியே எழுதியிருந்தால் என் ஆய்வேட்டில் பொய் ஏறியிருக்கும். வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவர் முகம் வாடியது, பிறகு டிஎன்1 வரிசையைத் தானே வந்து பார்த்துவிட்டு மறுபடி செய் என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவரிடம் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மறுபடி செய்வதென்றால் வயலில் நோயுற்ற இலையைத் தேடிப் போக வேண்டும். வெட்டிய இலைத் துண்டைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வைத்தால் வெட்டுவாயிலிருந்து பால் போலக் கிருமி கசிந்து இறங்குவது வெறும் கண்ணுக்கே தெரியும். அப்படி உறுதி செய்துகொண்ட இலையிலிருந்து பிரித்து, டிஎன்1 செடிக்குள் ஒரு முறை செலுத்தி, அங்கே நோய் வந்ததும் மறுபடி பிரித்து எடுத்து, உடனே கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் சிறு குப்பிகளாக வைத்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குப்பி, எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. நீங்களும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். ஒரே இடத்துக் கிருமியோடு நின்றுவிடாமல் மாவட்டம் மாற்றி இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுங்கள். ஓர் ஊரின் கிருமியைத் தாங்கும் மரபணு இன்னோர் ஊரின் கிருமியிடம் தோற்பது உண்டு. அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டு மரபணு ஏற்றுகிறோம். சோதனைக்குச் செடியின் வயதும் முக்கியம். எக்ஸ்ஏ21 இளம் நாற்றில் முழு வலுவோடு வேலை செய்யாது, வயது ஏற ஏறத்தான் எதிர்ப்பு கூடும். நாற்றங்காலிலேயே வெட்டிப் பார்த்துவிட்டு மரபணு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தூர் கட்டி முடியும் பருவத்தில் செய்யுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. உதவித்தொகை மாதாமாதம் வராது. சில சமயம் அரை ஆண்டுக்கு மேல் நின்று, பிறகு மொத்தமாக வரும். இடையில் பிசிஆர் நொதி தீர்ந்தால், டி.என்.ஏ. வரிசையைப் படிக்க மாதிரி அனுப்ப வேண்டியிருந்தால், வயல் ஆட்களுக்கு அன்றாடக் கூலி கொடுக்க வேண்டியிருந்தால், மாணவர்தான் கையிலிருந்து போடுகிறார். சில நூறு, சில ஆயிரம் என்று போனது கடைசியில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ரசீது பெயரில் குறை இருக்கிறது என்று அதில் பெரும் பகுதி திரும்பி வரவேயில்லை. எந்தப் பெயரில் ரசீது வேண்டும், முன் அனுமதி யார் தர வேண்டும் என்பதை முதல் மாதமே கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, ஐந்தாம் ஆண்டின் கடைசி ஆறு மாதத்துக்கான செலவை நான்காம் ஆண்டிலிருந்தே சிறிது சிறிதாக ஒதுக்கி வையுங்கள். இந்த வேலை குறித்த நாளில் முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவது நல்லது. தாமதம் எதனால் என்பதைத் தேதியோடு, ஜெல் படத்தோடு, அந்தந்தப் பருவத்திலேயே ஆய்வுக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். என் விதை மாறிய விவரத்தை எழுதிக் கொடுத்திருந்ததால்தான் பிறகு கால நீட்டிப்பு கேட்டபோது யாரும் கேள்வி கேட்கவில்லை.

தனிமைதான் எல்லாவற்றிலும் கொடியது. உடன் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். திருமண வீடுகளில் “இன்னுமா முடியவில்லை?” என்று கேட்பார்கள். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பல நாள் தொலைபேசியை எடுக்காமல் இருந்திருக்கிறேன். பிறகு ஒரு முறை விதை மாறிப்போனதைச் சொன்னபோது அவர் பதறவில்லை. “கடையில் வாங்கும் விதையிலேயே கலப்பு வருகிறதே, நாற்று விட்டுப் பார்த்துத்தானே நம்புகிறோம்” என்றார். அத்தோடு இரண்டாம் முறை எந்த மாதம் விதைக்கப் போகிறேன் என்று கேட்டார். ஆய்வகத்தில் கிடைக்காத ஆறுதல் அது. எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர், இன்னொரு பயிரில் வேலை செய்தவர், தனக்கும் இதே மாதிரி ஒரு பருவம் முழுதாகப் போனது என்று மிகவும் தாமதமாகத்தான் சொன்னார். தோற்றுப்போன கலப்புகளைப் பற்றி யாரும் கருத்தரங்கில் பேசுவதில்லை. நீங்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே மூத்தவர்களிடம் போய், அவர்களுக்கு எது கெட்டுப்போனது என்று கேளுங்கள். எது நன்றாக வந்தது என்பது கட்டுரையாக அச்சில் இருக்கும்.

இப்போது இரண்டு மரபணுவும் நிலைத்த வரிசைகள் கையில் இருக்கின்றன. வலுவான கிருமியைச் செலுத்திய சோதனையில் டிஎன்1 இலைகள் பாதிக்கு மேல் கருகியபோதும் இவை தாங்கி நின்றன. அப்பா விதை கேட்கிறார். கொடுக்க முடியாது. நிலையத்தில் விளைச்சல் ஒப்பீடு, பல இடங்களில் சோதனை, அதன் பின் விவசாயிகளின் வயல்களில் அனுசரணை ஆராய்ச்சித் திடல், அரிசியின் சமையல் தரம், கடைசியாக ரக வெளியீட்டுக் குழு என்று இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் நெல் பயிரிடுபவர்கள் இருந்தால் இந்தக் கால அளவைச் சேர்ந்த அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.